வயரும் வைஃபையும் ஒண்ணா ஓடணும்: லினக்ஸ்ல கேபிள் சொருகினா நெட் சாகுதே, ஏன்?

கேள்வி | 2024 ஜூன் 9, காலை 11.20

செங்கோட்டை பக்கத்துல பிரானூர் பார்டர்ல ஒரு மர டிப்போல கணக்கு பாக்குறேன். டெபியன் லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப். கேபிள்ல சிசிடிவி டிவிஆரும் (கேமரா பதிவு பெட்டி) பில் பிரிண்டரும், வைஃபைல என் போன் ஹாட்ஸ்பாட். கேபிளை சொருகினா பிரிண்டர் வரும் நெட் போயிரும், உருவினா நெட் வரும் பிரிண்டர் போயிரும். நாளைக்கு இருபது தடவை சொருகி உருவி கேபிள் முனையில இருக்க கிளிப்பே ஒடிஞ்சு போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல ஓடாதா? அப்படி ஓடுச்சுன்னா ஸ்பீடும் டபுள் ஆயிரும்தானே அண்ணாச்சி?

ஜூன் 9, மதியம் 2.05

ஓடும். டபுள் ஆகாது. கிளிப்புக்கு ஆழ்ந்த அனுதாபம்.

கேபிளை சொருகிட்டு டெர்மினல்ல ஐபி ரூட்னு (ip route) அடிச்சு என்ன வருதுன்னு போடு தம்பி, மிச்சம் ராத்திரி எழுதுறேன், கடையில ஆளு நிக்கி.

ஜூன் 9, ராத்திரி 10.15

தம்பி போட்டதுல தேவையானது ரெண்டு வரிதான். ஒண்ணு டிஃபால்ட் வயா 192.168.1.1, கேபிள் கார்டு, மெட்ரிக் 100. இன்னொண்ணு டிஃபால்ட் வயா 192.168.43.1, வைஃபை கார்டு, மெட்ரிக் 600. வியாதி இதுலயே இருக்கு.

லினக்ஸ் ஒரு பேக்கெட்டை (தகவல் பொட்டலம்) அனுப்பும்போது முதல்ல பாக்கிறது போற இடம் எதுன்னுதான். 192.168.1-ல தொடங்குற வீடு, அதாவது ஐபி விலாசம், எல்லாம் கேபிள் பக்கம்னு அதுக்குத் தெரியும், பிரிண்டருக்குப் போறது நேரா அங்க போயிரும். தெரியாத ஊருன்னா டிஃபால்ட் வழி. இங்க டிஃபால்ட் ரெண்டு இருக்கு, அப்ப மெட்ரிக் கம்மியா இருக்கறதுதான் ஜெயிக்கும். கனெக்ஷனை எல்லாம் பாத்துக்கற நெட்வொர்க்மேனேஜர்ங்கற புரோகிராம் தானாவே கேபிளுக்கு 100ம் வைஃபைக்கு 600ம் குடுத்திருக்கு, வயர் இருக்கப்ப எவன் காத்துல அனுப்புவான்னு அதுக்கு ஒரு நெனப்பு. எங்க அப்பாவும் இப்படித்தான், லேண்ட்லைன் இருக்கறவரை செல்போன்ல பேசவே மாட்டாரு.

இப்ப அந்த 192.168.1.1 என்னதுன்னு கேட்டா, எப்பவோ நெட் கட் பண்ணின பழைய ரௌட்டராம், லைன் செத்து ரெண்டு வருஷமாம். ஆனா கரண்ட் இருக்கறவரை அது பாட்டுக்கு எல்லாருக்கும் ஐபி குடுத்துட்டு "வெளிய போகணும்னா என் வழியா போ"ன்னு சொல்லிட்டு கெடக்கு. பார்டர் கதையேதான். செங்கோட்டை 1956 நவம்பர் 1ல நம்ம பக்கம் சேந்தாச்சு, கேரளா எல்லை புளியரை தாண்டி போயாச்சு, இன்னமும் பஸ்ஸுல கண்டக்டர் "பார்டர் எறங்கு"ன்னுதான் சத்தம் போடுதாரு.

தீர்வு ஈஸி. அட்மினா (ரூட் யூசர்) இருந்து ஐபி ரூட் டெல் டிஃபால்ட் டெவ், கேபிள் கார்டு பேரு, அவ்வளவுதான். கேபிளோட டிஃபால்ட் போயிரும், நெட் வைஃபைல போகும், பிரிண்டர் கேபிள்ல வரும். என் வீட்டுலயும் இப்ப ஃபைபர் லைன் செத்து ரௌட்டர் இதே மாதிரிதான் கெடக்கு, ஆனா எனக்கு இதெல்லாம் பண்ணாமலே ஓடுது, உன் மெஷின்ல ஏதோ கோளாறு பண்ணி வச்சிருக்கே போல.

ஜூன் 11, காலை 7.30

மேல உள்ளதுல கடைசி பத்தி முழுக்க தப்பு, அழிக்காம விடுறேன், யாராவது படிச்சு சிரிக்கட்டும்.

தம்பி பண்ணிருக்கான். நெட் வந்துச்சாம். ஆனா எந்த சைட் தட்டினாலும் ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சுன்னு எண்ணி முடிச்ச பிறகுதான் தொறக்குதாம். அதோட மறுநாள் காலையில ஆன் பண்ணினா பழையபடி நெட் இல்ல.

மறுநாள் போனது புரியுது. கையால அழிச்சது கெர்னல்ல (லினக்ஸோட உள் மூளை) மட்டும்தான், திருப்பி பூட் ஆனா நெட்வொர்க்மேனேஜர் பழைய குறிப்பை எடுத்து டிஃபால்டை மறுபடி எழுதி வச்சிரும். அந்த அஞ்சு செகண்டுதான் என்னை ராத்திரி தூங்க விடல. பெறவு பல்லு தேய்க்கும்போது பொறி தட்டுச்சு, அது டிஎன்எஸ். பேரை ஐபியா மாத்தித் தர ஆளு யாருன்னு ரிசால்வ் டாட் கான்ஃப்னு ஒரு ஃபைல்ல இருக்கும், அதுல முதல் வரி செத்த ரௌட்டர், ரெண்டாவது வரி போன். நான் வழியை அழிக்கச் சொன்னேனே தவிர ஆளை அழிக்கச் சொல்லல. ஒவ்வொரு பேருக்கும் கம்ப்யூட்டர் முதல்ல அந்த ரௌட்டர் கதவைத் தட்டுது, அது வாயே திறக்கல, அஞ்சு செகண்ட் நின்னு பாத்துட்டு அடுத்த கதவுக்குப் போகுது. அந்த அஞ்சு, ஜிலிப்சின்னு (glibc) லினக்ஸோட அடிப்படை லைப்ரரில எழுதி வச்ச கணக்கு. தம்பி வாட்சை பாக்காம விரலை விட்டே சரியா எண்ணிருக்கான் பாத்துக்கோங்க.

ஜூன் 11, ராத்திரி 11.00

என் வீட்டுல மட்டும் ஏன் தானா ஓடுதுன்னு இன்னைக்கு உக்காந்து பாத்தேன். ஐபி ரூட் அடிச்சா என் கேபிளோட மெட்ரிக் 100 இல்ல, 20100! வைஃபை 600. அதான் வைஃபை ஜெயிக்கு.

இந்த இருபதாயிரம் எங்கேருந்து வந்துச்சுன்னா, நெட்வொர்க்மேனேஜர்ல கனெக்டிவிட்டி செக்னு ஒண்ணு உண்டு. ஒவ்வொரு கனெக்ஷன் வழியாவும் வெளிய ஒரு சின்ன பக்கத்தைக் கேட்டுப் பாக்கும், பதில் வரலைன்னா "நீ கதைக்கு ஆக மாட்டே"ன்னு அந்த கனெக்ஷனோட மெட்ரிக்ல 20000 கூட்டி வரிசையில கடைசிக்கு தள்ளிரும். என்கிட்ட இருக்கறது உபுண்டு 22.04, அதுல அந்த செக் ஆன்ல இருக்கு. தம்பியோட டெபியன் மெஷின்ல அந்த செக்குக்கான பேக்கேஜே இல்ல, தேடிப் பாத்துட்டு சொன்னான். ஆக அவன் ஒண்ணும் கோளாறு பண்ணல. கோளாறுன்னு சொன்னதுக்கு ஒரு பரோட்டா என் கணக்கு, பார்டர்லயே இருக்கான், எட்டி நடந்தா போதும்.

ஆனா இந்த செக்கை நம்பி மட்டும் இருக்கக் கூடாது. சும்மா விட்டா 300 செகண்டுக்கு ஒரு தடவைதான் அது பாக்கும். சாரல் நேரத்துல காத்துக்கு மரம் சாஞ்சு ஃபைபர் அறுந்துச்சுன்னு வை, ரௌட்டர் இன்வெர்ட்டர்ல உயிரோட இருக்கும், கேபிள்ல லைட்டும் எரியும், கம்ப்யூட்டருக்கு சங்கதி தெரிய அஞ்சு நிமிஷம் கூட ஆகலாம். கரண்டு போயி ரௌட்டரே அணைஞ்சா அந்தத் தொல்லை இல்ல, கேபிள்ல உயிர் போனது அப்பவே தெரிஞ்சு உடனே வைஃபைக்கு மாறிரும். முழுசா செத்தவன் தேவலை, அரை உயிர்ல கெடக்கறவன்தான் கழுத்தறுப்பு.

ஜூன் 12

சரி, உருப்படியான வழி. டெல் அடிக்கிற கதையை மறந்துருங்க.

கேபிள் கனெக்ஷனோட செட்டிங்ஸ்ல ஐபிவி4 பக்கம் போங்க, அங்க ரூட்ஸ்னு ஒரு பட்டன், அதுக்குள்ள கீழ ஒரு டிக் இருக்கும், இந்தக் கனெக்ஷனை அதோட சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் வச்சுக்கோங்கற அர்த்தத்துல. அதைப் போடுங்க. டெர்மினல் ஆளுங்களுக்கு என்எம்சிஎல்ஐல (nmcli, நெட்வொர்க்மேனேஜரோட டெர்மினல் கமாண்ட்) ஐபிவி4 டாட் நெவர் ஹைஃபன் டிஃபால்ட், எஸ். இத்தோட இக்னோர் ஆட்டோ டிஎன்எஸ்ங்கறதையும் எஸ் ஆக்கிருங்க, செத்த ரௌட்டர் கதவைத் தட்டுற வேலையே இருக்காது. பெறவு கனெக்ஷனை ஒரு தடவை இறக்கி ஏத்தணும், இல்லாட்டி "அண்ணாச்சி ஒண்ணும் ஆகல"ன்னு மெசேஜ் வரும். வந்துச்சு.

கேபிளோட மெட்ரிக்கை மட்டும் 700ன்னு மாத்தினாலும் நெட் வைஃபைக்குப் போயிரும், நெறைய பேரு அதான் பண்ணுவாங்க. எனக்குப் பிடிக்கல. ஹாட்ஸ்பாட்டை ஆஃப் பண்ணிட்டு தம்பி டீ குடிக்கப் போனான்னா எல்லாம் மறுபடி செத்த ரௌட்டர் பக்கம் போயி முட்டிட்டு நிக்கும், பிரௌசர் சுத்திட்டே இருக்கும். டிஃபால்ட்டே குடுக்காம விட்டா நெட் இல்லைன்னு அந்த நிமிஷமே முகத்துக்கு நேரா சொல்லிரும்.

செக் பண்ண: ஐபி ரூட் கெட் 8.8.8.8ன்னு (வெளிய இருக்கற கூகுள் சர்வரோட விலாசம்) அடிங்க, எந்த கார்டு வழியா போகும்னு ஒத்தை வரியில சொல்லிரும். டிவிஆரோட ஐபியையும் அதே மாதிரி அடிங்க. ரெண்டுக்கும் வேற வேற கார்டு பேரு வந்தா ரெண்டும் ஒண்ணா ஓடுதுன்னு அர்த்தம்.

ஜூன் 16, ஞாயிறு

தம்பி விடல. "ஓடுது அண்ணாச்சி, ஆனா அந்த டபுள் ஸ்பீடு?"

லே, ஒரு லாரி ரெண்டு ரோட்டுல போகுமா? டிப்போல இருக்கற உனக்கு லாரிக் கணக்கை நான் சொல்லணுமா. ஒரு டவுன்லோடுங்கறது ஒரு லாரி. கெளம்பும்போது என் ஐபி இதுன்னு நம்பர் பிளேட் மாட்டிட்டுதான் கெளம்பும், பாதியில வேற ரோட்டுல வேற நம்பரோட வந்தா அந்தப் பக்கம் இருக்கற சர்வர் உள்ள விடாது. பத்து லாரி இருந்தா அஞ்சை புளியரை எஸ் வளைவு வழியாவும் அஞ்சை வேற வழியாவும் அனுப்பலாம், மொத்த சரக்கு சீக்கிரம் போயி சேரும், தனி ஒரு லாரி வேகம் கூடாது. லினக்ஸ்ல இதுக்கு ஒரே டிஃபால்ட்டுக்கு ரெண்டு நெக்ஸ்ட்ஹாப் (அடுத்த வாசல்) குடுத்து பங்கு பிரிக்கலாம். நானும் ஒரு மழைக்காலம் பூரா அப்படி வச்சிருந்தேன். பேங்க் சைட்ல பாதி வேலையில வேற ஐபி வருதுன்னு லாகவுட் பண்ணி விட்டுட்டே இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன்.

நெசமாவே ஒரு லாரி சரக்கை ரெண்டு ரோட்டுல பிரிக்கிற வித்தையும் இருக்கு, மல்டிபாத் டிசிபின்னு பேரு, மெயின் கெர்னல்ல 5.6ல இருந்து, அதாவது 2020 மார்ச்ல இருந்து வந்துட்டு இருக்கு. ஆனா எதிர்ப் பக்கமும் அது தெரிஞ்சவனா இருக்கணும். நீ பாக்கற சைட்டுல முக்காவாசிப் பேருக்கு அது தெரியாது.

பாண்டிங் பாண்டிங்னு (ரெண்டு கார்டை ஒண்ணா கட்டி ஒரே கார்டு மாதிரி வைக்கறது) ஒருத்தர் தனியா கேட்டிருந்தாரு. கேபிளையும் வைஃபையையும் பாண்ட் பண்ணலாம், ஆக்டிவ் பேக்கப் மோடுல. பேருலயே இருக்கு பாருங்க, ஒருத்தன் வேலை பாப்பான் இன்னொருத்தன் வேடிக்கை பாப்பான், ஒருத்தன் விழுந்தா மத்தவன் எந்திரிப்பான். ரெண்டும் ஒரே ரௌட்டருக்குப் போனாதான் அதுலயும் அர்த்தம் இருக்கு. தம்பிக்கு ரெண்டும் ரெண்டு ஊரு, அவனுக்கு ஆகாது.

ஜூன் 17

லாரி உதாரணத்துக்கு ரெண்டு பேரு சண்டைக்கு வந்துட்டாங்க, செங்கோட்டையில இருந்து புனலூருக்கு லாரிக்கு வேற ரோடு எங்க இருக்குன்னு. இல்லதான், ஒத்தை மலைப்பாதைதான், 744ம் நம்பர் ஹைவே. ரயிலை வச்சுக்கோங்க. 2018ல அகலப்பாதை ஆகி மறுபடி ஓடுது, அது ரெண்டாவது நெக்ஸ்ட்ஹாப், போதுமா.

ஜூன் 23, ஞாயிறு, ராத்திரி

இன்னைக்கு நேர்லயே போயிட்டு வந்தேன், பரோட்டா கடனும் தீந்துச்சு.

கதை என்னன்னா, போன் டேட்டா தீந்து போகுதுன்னு தம்பி பக்கத்துக் கடைக்காரர்கிட்ட கேட்டு அவங்க வைஃபையை வாங்கிட்டான். உடனே மறுபடி நெட் இல்ல. டிக் அப்படியே இருக்கு. 8.8.8.8க்கு பிங் அடிச்சா (இருக்கியான்னு தட்டிப் பாக்கறது) பதில் வருது! ஆனா ஒரு சைட்டும் தொறக்கல. நானும் உக்காந்து அரை மணி நேரம் தலையை சொறிஞ்சேன், மேல அறுவை மில்லு சத்தம், கீபோர்டு இடுக்குல எல்லாம் மரத்தூள், எண்டர் கீயை ரெண்டு தடவை அமுக்கினாத்தான் ஒரு தடவை விழுது.

கடைசியில பாத்தா கடைக்காரர் ரௌட்டரும் 192.168.1.1. டிப்போல செத்தவனும் 192.168.1.1. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர். டிஃபால்ட் வழியில கார்டு பேரும் சேத்து எழுதி இருக்கறதால வெளியூர் போற பேக்கெட் சரியா வைஃபைல போயிருது, அதான் பிங் வந்துச்சு. டிஎன்எஸ் கேக்கும்போதுதான் வினை. டிஎன்எஸ் ஆளோட விலாசமே 192.168.1.1. அது உள்ளூர் விலாசம், உள்ளூருக்கு கேபிள் 100, வைஃபை 600, கேபிள் ஜெயிக்கும், கேள்வி நேரா செத்தவன்கிட்டயே போயி நிக்கும். நெவர் டிஃபால்ட் போட்டாலும் உள்ளூர் வழி அப்படியேதான் இருக்கும், நான் முந்தி எழுதினதுல இதைச் சொல்லாம விட்டது என் தப்பு.

அடுத்தவர் கடை ரௌட்டர்ல நாம கை வைக்க முடியாது. அதனால டிப்போ பக்கத்தை 192.168.50க்கு மாத்தினோம். சொல்ல ஒரு வரி, செய்ய ரெண்டு மணி நேரம். டிவிஆர் கையால போட்ட ஐபில இருந்துச்சு, அதோட மெனுக்குள்ள போக அதுக்குன்னு உள்ள மௌஸ் வேணும், மௌஸ் ஆபீஸ் மேசை டிராயர்ல ரசீது புக்குக்கு அடியில கெடந்துச்சு. மௌஸ் கெடச்சா பாஸ்வேர்டு தெரியல. கேமரா மாட்டின ஆளுக்கு போன் அடிச்சா அவர் ஆரியங்காவுல ஒரு வீட்டு மாடியில நிக்காரு, "எது போட்டேன்னு ஞாபகம் இல்ல, ஒண்ணுல இருந்து ஆறு வரை அடிச்சுப் பாருங்க"ன்னாரு. தொறந்துருச்சு! பிரிண்டர் பரவால்ல, பட்டனை அமுக்கிப் பிடிச்சா தன் ஜாதகத்தை தானே அச்சடிச்சுத் தருது, ஐபியும் அதுல இருக்கு.

முடியறப்ப முதலாளி வந்து எட்டிப் பாத்துட்டு, "இந்த ஒத்தை வயருக்கா ரெண்டு பேரு இவ்வளவு நேரம்"னு கேட்டுட்டுப் போனாரு.

ஜூலை 7

தம்பிக்கு சொல்லிக் குடுத்த திமிர்ல என் வீட்டுல ஒண்ணு பண்ணினேன். என் ஃபைபருக்கு உயிர் வந்துருச்சு, ஆனா சாயங்காலம் ஆனா படுத்துரும், அதனால ராத்திரி மட்டும் போன் வைஃபை முன்னால வரட்டும்னு அதோட மெட்ரிக்கை 50 ஆக்கினேன். ஐபி ரூட் பாத்தேன், வைஃபை மேல இருக்கு, சந்தோசம். ஒரு மணி நேரம் வீடியோ ஓடிருக்கு, அதே பழைய இழுவை, போன்ல டேட்டா பாத்தா சொட்டு கூட கொறையல.

ஐபிவி6! ஐபிவி4க்குப் பெறவு வந்த புது விலாச முறை, அதுக்கு வழிப் பட்டியலே தனி, மெட்ரிக்கும் தனி. நான் மாத்தினது நாலை, ஆறு அப்படியே கேபிள் 100லதான் கெடந்துச்சு. வீடியோ வர சைட்டு ரெண்டுலயும் கெடைக்கும்னா கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஆறைத்தான் முதல்ல எடுக்கும். ஐபி, ஹைஃபன் 6, ரூட்னு அடிச்சு அதையும் பாருங்க. ஜூன் 12ல எழுதின டிக்கும் அப்படித்தான், ஐபிவி6 பக்கத்துலயும் ஒண்ணு உண்டு. தம்பியோட செத்த ரௌட்டர் ஐபிவி6 குடுக்கறதே இல்ல, அதனால அவன் தப்பிச்சான். உயிருள்ள ரௌட்டர் வச்சிருக்கவங்க ரெண்டு டிக்கும் போடுங்க.

நடுவுல ஒரு சேதி, மாடியில போனை வச்சா சில நேரம் அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சிட்டு மலையாளத்துல வரவேற்பு மெசேஜ் வருது. நெட் என்னமோ அப்பத்தான் நல்லா ஓடுது. மலைக்கு மேல நல்லா இருப்பாங்க போல.

ஜூலை 21

முதலாளிக்கு ஆசை வந்துருச்சு. கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஓடுதுல்ல, அப்ப அவர் போன்ல, கடைக்காரர் வைஃபைல இருந்தபடி, கேமராவைப் பாக்கணுமாம்.

பண்ண முடியும். கம்ப்யூட்டர் ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் வச்சு நிக்கிதே தவிர ஒரு பக்கத்து ஆளை மறுபக்கம் கூட்டிட்டுப் போகாது, ஐபி ஃபார்வர்டுங்கறது சும்மா விட்டா 0லதான் இருக்கும். அதை 1 ஆக்கணும். டிவிஆருக்கு திரும்பி வர வழி தெரியாது, அதனால மாஸ்கரேடும் (போன் கேக்கறதை கம்ப்யூட்டர் தன் விலாசத்தைப் போட்டு அனுப்பறது) போடணும், பெறவு போன்ல வேற வழி எழுதணும். எல்லாம் ஒரு மணி நேர வேலைதான், நான் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டேன். ஒண்ணுல இருந்து ஆறு வரை பாஸ்வேர்டு வச்ச டிவிஆரை பரோட்டா திங்க வர ஊருக்கெல்லாம் குடுக்கற வைஃபைக்கு தொறந்து விடறதா? முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, பேசலாம்.

ஆகஸ்ட் 4

தம்பிகிட்ட இருந்து நேத்து மெசேஜ். ஒன்றரை மாசமா கேபிளை உருவவே இல்லையாம். ஆனா கிளிப் ஒடிஞ்ச கேபிள் இல்லையா, மில்லு ஓடுற அதிர்வுல தானா நழுவி வெளிய வந்துருதாம், அப்ப பிரிண்டர் மட்டும் போகுது, நெட் நிக்கல. இப்பதைக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கான். புது கனெக்டர் நாலும் கிரிம்ப்பிங் டூலும் எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை போறேன். பாஸ்வேர்டை இன்னும் மாத்தலையாம்.